பித்தமல்ல, காது

நம் சினிமாவில் பெண்ணுக்குத் தலை சுற்றினால் அவள் கர்ப்பம். ஐம்பதைத் தாண்டியவள் என்றால் பித்தம், ரத்தசோகை, இல்லையேல் டென்ஷன். படுக்கையில் புரண்டாலே அறை சுழல்கிறது என்கிறாளே, அவள் காதை யார் பார்த்தார்கள்? உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்வதால் வரும் இந்தச் சுற்றல் பெண்களுக்கே அதிகம். தலையைத் திருப்பிச் சாய்த்துக் கண்ணசைவைக் கவனிக்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை 1952 முதல் இருக்கிறது. ஒரு கட்டில் போதும். எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பச் சில நிமிடங்களே ஆகும்.

நமக்குக் கிடைப்பதோ மாதக்கணக்கில் மாத்திரை. காது நரம்பு பாதிக்கப்பட்டவளுக்கு, மூளை சமநிலையை மீண்டும் கற்பதை அதுவே தாமதப்படுத்தும். அவளுக்குத் தேவை பயிற்சி: கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை இடவலமாக அசைப்பது, தினம் சில முறை, வாரக்கணக்கில். அதற்கான பத்து நிமிடத்தை எந்த வீடு தருகிறது? மாத்திரையை அடுப்படியில் நின்றபடியே விழுங்கலாம்.