நாய்க்கும் ஒரு திடல் வேண்டும்



நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்குக் கோபமும் குரைப்பும்தான் மிஞ்சும். தினமும் கொஞ்ச நேரமாவது அதை அவிழ்த்து ஓடவிட வேண்டும்.

எங்கே ஓடவிடுவது? “கடற்கரைதான் பக்கத்தில் இருக்கிறதே!” என்பீர்கள். வேண்டாம்! ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை தனுஷ்கோடி மணலில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, குழி தோண்டி, ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை இடுகின்றன. குஞ்சு பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் காக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழியை நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும். அது நாயின் குணம், பொறுப்பு நம்முடையது.

ஐதராபாத் கொண்டாப்பூரில் 2018-இல் நாய்களுக்கென்றே ஒரு பூங்கா திறந்தார்கள். ராமநாதபுரம், ராமேசுவரம் நகராட்சிகளும் ஒரு சிறு திடலுக்கு வேலியும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்தால் போதுமே!

“மனிதருக்கே இடமில்லை, நாய்க்கா?” என்று சிலர் கேட்பார்கள். நாய் ஓட இடமிருந்தால் ஆமைக்கும் நிம்மதி, தெருவில் நடப்பவருக்கும் நிம்மதி அல்லவா?

அதுவரை கடற்கரைக்குக் கயிற்றோடு மட்டுமே அழைத்துச் செல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மறக்காதீர்கள். திடல் கேட்டு நகராட்சிக்கு இன்றே ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். செய்வீர்கள்தானே?