மென்று துப்பியது எங்கே போகிறது?



பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்க்கு வாங்கிக் குழந்தையின் கையில் நாம் கொடுக்கும் சூயிங்கம் எதனால் ஆனது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது சப்போட்டா மரத்தின் பால். மெக்சிகோவின் காடுகளில் அம்மரத்தைக் கீறி வடித்த பாலைக் காய்ச்சி எடுத்து, அமெரிக்காவில் இனிப்பூட்டி விற்றார்கள். பின்னர் பெட்ரோலியத்தின் வழிவந்த செயற்கைப் பிசின்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றுள் ஒன்று, மிதிவண்டி டியூபுக்கான ரப்பருக்கு நெருங்கிய உறவு. நாம் மெல்லுகையில் சர்க்கரையும் மணமும் கரைந்து வயிற்றுக்குள் போகின்றன. பிசின் அப்படியே எஞ்சுகிறது. மழையில் அது கரைவதில்லை. எளிதில் மட்குவதுமில்லை. காலணித் தொழிலால் உலை வைக்கும் ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்களுக்கு ரப்பரின் ஆயுளை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம் கடைவீதிகளில் புழுதி அதிகம். ஆகவே துப்பிய சூயிங்கம் மண்ணோடு மண்ணாகி நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வழவழப்பான கல் பதித்த பேருந்து நிலையங்களும் நடைபாதைகளும் வந்த பிறகே அந்தக் கரும்புள்ளிகள் தெரியத் தொடங்கின. துடைப்பம் அவற்றை அள்ளாது. ஒருவர் குனிந்து தகட்டால் சுரண்டினால்தான் உண்டு. நாம் வாயிலிருந்து எடுத்து எறிய ஒரு நொடி போதும். அதைப் பெயர்க்கத் தூய்மைப் பணியாளர் படும் பாடு பெரிது.

சிங்கப்பூர் அரசு 1992ஆம் ஆண்டு சூயிங்கம் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது. ரயில் கதவுகளில் ஒட்டிவைத்து, கதவு மூடாமல் வண்டிகள் தாமதமானதும் அதற்கொரு காரணம். 2004இல் மருத்துவப் பயனுள்ள சில வகைகளுக்கு மட்டும் வழிவிட்டார்கள். பிரிட்டனிலோ வேறு வழி. 2021இல் தயாரிப்பு நிறுவனங்களே ஐந்தாண்டுகளில் ஒரு கோடி பவுண்டு வரை தருவதென இசைந்தன. அப்பணம் நகர மன்றங்கள் தெருக்களைச் சுரண்டித் தூய்மை செய்ய உதவுகிறது. விற்று இலாபம் கண்டவன் கறையைத் துடைக்கவும் கொடுக்கட்டும் என்னும் இந்த முறையே எனக்கு நியாயமாகப் படுகிறது. தடைச் சட்டம் நமக்கும் புதிதன்று. பொது இடங்களில் எச்சில் துப்புவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2002லேயே சட்டம் இயற்றினார்கள். அச்சட்டப்படி அபராதம் கட்டிய ஒருவரையேனும் நான் சந்தித்ததில்லை! பிரியாணி விருந்து முடிந்து, பீடாவை மென்றபடி வெளியே வரும் நம்மவர்கள் மண்டபத்துச் சுவருக்குப் பூசும் சிவப்பு வண்ணத்தைப் பார்த்தாலே போதும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலின் கிப்லாச் சுவரில் சளியைக் கண்ட செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அவர்களின் முகத்தில் வருத்தம் தெரிந்தது. யாரையும் ஏவவில்லை, தாமே எழுந்து சென்று தம் கையால் சுரண்டினார்கள். பின்னர், துப்ப நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் காட்டினார்கள்: தம் மேலாடையின் ஓரத்தில் உமிழ்ந்து, அதை மடித்துக் கசக்கினார்கள். கண்டித்ததோடு நிறுத்தாமல் மாற்று வழியையும் செய்து காட்டிய அந்த நயம் ஓர் ஆசிரியனாகிய என்னை மிகவும் ஈர்க்கிறது.

சூயிங்கத்துக்கு ஆடையின் ஓரம்கூடத் தேவையில்லை. சுற்றி வரும் காகிதமே போதும். பிரித்தவுடன் அதை வீசிவிடாமல் சட்டைப்பையில் வைத்திருந்து, மென்று முடித்ததும் அதிலேயே பொதிந்து குப்பைத் தொட்டியில் போட்டால் வேலை முடிந்தது. தாய்மார்கள் பிள்ளைகளுக்கு முதலில் காகிதத்தைப் பத்திரப்படுத்தக் கற்றுக்கொடுங்கள், சூயிங்கம் பிறகு. வலீமா விருந்து நடத்துவோர் பீடாத் தட்டின் அருகில் மணல் நிரப்பிய வாளி ஒன்றையும் வைக்கலாம். செலவு ஒன்றுமில்லை.

ஏற்கெனவே ஒட்டிவிட்டதற்கும் வழியுண்டு. பள்ளிவாசல் கம்பளத்திலோ பிள்ளையின் சீருடையிலோ சூயிங்கம் ஒட்டிக்கொண்டால் வெந்நீர் ஊற்றாதீர்கள். இளகி இன்னும் உள்ளே இறங்கும். பனிக்கட்டியை ஒரு நெகிழிப் பையிலிட்டு அதன்மேல் சற்று நேரம் அழுத்தி வையுங்கள். இறுகியதும் கரண்டிக் காம்பால் மெல்ல நெம்பினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும்.