வாக்கும் இடமும்: ஒரு கணக்கு

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (கணிதம்)

மக்களாட்சியின் மணிமகுடம் தேர்தல் என்பர். அம்மணிமகுடத்தில் ஒரு கணக்குப் பிழை இருப்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

நம் நாடாளுமன்ற மக்களவையில் 543 இடங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மற்றவரைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவரே வென்றவர். இருவர் மட்டும் போட்டியிட்டால் இது சரியான முறையே. மூவர் நின்று 34, 33, 33 எனப் பிரிந்தால்? நூற்றுக்கு 66 பேர் வேண்டாம் என்றவரே உறுப்பினர்!

இது கற்பனையன்று. 2014இல் பாரதிய ஜனதா கட்சி 31 விழுக்காடு வாக்குடன் 282 இடங்களைப் பெற்றது. நான்கு விழுக்காட்டுக்கு மேல் பெற்ற பகுஜன் சமாஜ் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. 2019இல் 303 இடங்களைப் பெற்ற பாரதிய ஜனதா, 2024இல் 240ஆகக் குறைந்தது. குறைந்த வாக்கோ ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. குறைந்த இடங்களோ 63!

தமிழகத்தைப் பாருங்கள். 2014இல் 23 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற தி.மு.கழகத்திற்குச் சுழியம். 2024இல் 20 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற அ.இ.அ.தி.மு.கழகத்திற்கும் சுழியம். இன்று இழந்தவர் நாளை பெறுகிறார். ஆகவே எவரும் இம்முறையை மாற்றத் துடிப்பதில்லை. இழப்பவன் வாக்காளன் ஒருவனே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நானே முதல்வன். எழுத்தறியாத என் தந்தையார் தேர்தல் நாளில் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பார். “நம்ம ஓட்டும் ஒரு ஓட்டுதானே” என்பார். அந்த நம்பிக்கைக்கு நாடு அளிக்கும் மறுமொழி என்ன?

வாக்கு விகிதப்படி இடம் தந்தால் கட்சிகள் பெருகும், ஆட்சி நிலைக்காது என்பர் சிலர். இன்றைய முறை மட்டும் நிலைத்த ஆட்சிக்கு உறுதி தந்ததா? 1996இல் பதின்மூன்றே நாளில் ஓர் அரசு பதவி விலகியது இம்முறையில்தானே! செருமனியில் விகிதமுறை உண்டு. ஐந்து விழுக்காடு என்னும் வரம்பு கட்டிச் சிறு கட்சிகளின் பெருக்கத்தையும் அவர்கள் தடுத்திருக்கின்றனர்.

தொகுதி உறுப்பினர் முறையை அடியோடு நீக்க வேண்டும் என்பதன்று என் வாதம். குடிநீர் வரவில்லை என்றால் நம் ஊரார் முறையிட ஓர் உறுப்பினர் வேண்டும். இப்போதுள்ள இடங்களோடு கால் பங்கு இடங்களைக் கூட்டி, அவற்றை வாக்கு விகிதப்படி நிரப்பலாம் என்று 1999இல் இந்தியச் சட்ட ஆணையமே பரிந்துரைத்தது. அதனை மீண்டும் எடுத்துப் பேசும் கடமை மாணவர்க்கு உண்டு.

நண்பர்களே! தேர்தல் முடிவு வந்ததும் யார் வென்றார் என்று மட்டும் கேளாதீர்கள். எத்தனை வாக்குகள் குரலின்றிப் போயின என்றும் கேளுங்கள். கூட்டலும் வகுத்தலும் கற்ற நாம் கேளாவிடில், வேறு யார் கேட்பார்?