புழு எதைத் தின்றது என்று கேட்போம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில், கொல்லைப்புறத்துச் சருகுக் குவியலைக் கிளறினால் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் தட்டுப்படும். பெரும்பாலும் இவை வண்டுகளின் இளம்பருவம். மக்கும் இலையைத் தின்று எருவாக்குபவை. நாமோ "சீ!" என்று கோழிக்கு வீசிவிடுகிறோம். இதை மனிதர் உண்ணலாமா என்று கேட்டால் சிரிக்கிறோம்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கூன்வண்டின் புழுவைச் சபாவில் 'பூதோட்' என்றும் சரவாக்கில் 'உலாட் முலோங்' என்றும் விரும்பி உண்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மழைக்குப் பின் கிளம்பும் ஈசலைப் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்பதும் பழைய வழக்கம்தான். ஏறத்தாழ 200 கோடி மக்களின் உணவில் பூச்சிகள் இடம்பெறுவதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் அறிவித்தது. அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பது படித்தவர்களுக்கு அழகல்ல.

ஆனாலும், நம் கொல்லைப் புழுவை வறுத்துத் தின்னுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது எந்த இனம் என்பது நமக்குத் தெரியாது. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சி உணவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பூச்சிமருந்து அடித்த இலை அந்தக் குவியலில் கலந்திருந்தால், புழு தின்பதும் அதைத்தான். சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 பூச்சி இனங்களை உணவாக அனுமதித்தது. ஆனால் அவை பண்ணையில் வளர்க்கப்பட்டவையாக இருக்க வேண்டும். காட்டில் பிடித்தவை கூடாது. அவற்றுக்குக் கொடுத்த தீனிக்கும் கட்டுப்பாடு உண்டு.

அந்தக் கேள்வியை நாமும் கேட்க வேண்டும். அதே குவியலைத்தான் கீரைப் பாத்திக்கு எருவாகப் போடுகிறோம். அதே புழுவைத் தின்ற கோழியின் முட்டைதான் நம் தட்டுக்கு வருகிறது. புழுவைத் தொடாதவர் வயிற்றுக்கும் அந்த மண் வந்து சேர்ந்துவிடுகிறது.

பள்ளித் தோட்டம் வைத்திருக்கும் மாணவர்கள் இதை இன்றே தொடங்கலாம். எந்தச் செடிக்கு என்ன மருந்து, எந்த நாளில் அடித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருந்து பட்ட இலையை எருக்குழியில் சேர்க்காதீர்கள். வேளாண்மை, அறிவியல் பயிலும் என்னைப் போன்ற பல்கலைக்கழக மாணவர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது மண் பரிசோதனைக்கு வழிகாட்டலாம். புழுவை உண்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். அது வாழும் மண்ணைச் சுத்தமாக வைத்திருப்பது நம் எல்லாருடைய பொறுப்பு.