அனுமதிப்பத்திரம் யாருக்காக?

கடந்த நோன்புப் பெருநாளுக்கு என் சகோதரியின் மகன் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலிருந்து வந்திருந்தான். அங்கே ஒரு சிறிய கடை வைத்திருக்கிறான். விறாந்தையில் வட்டிலப்பமும் தேநீருமாக இருந்தபோது, பணப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நடமாட அந்த மாநிலம் வழங்கிய அனுமதிப்பத்திரம்.

"அங்க எல்லாம் சட்டப்படிதான் மாமா. பரீட்சை எழுதி, சுட்டுக் காட்டித்தான் எடுத்திருக்கன்" என்றான்.

எங்களோடிருந்த எழுத்தாள நண்பர் ஒருவர், "வளர்ந்த நாடென்றால் அப்படித்தான். அரசு தன் பிரஜையை நம்புகிறது" என்று வியந்தார். அந்த வியப்புக்குத்தான் இந்தப் பதில்.

நான் சட்டம் படித்தவனல்ல. கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் சான்றிதழ் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். வைத்தியரின் பதிவு நோயாளிக்கான உத்தரவாதம். பஸ் சாரதியின் லைசன் பயணிக்கும் பாதசாரிக்குமான உத்தரவாதம். ஆசிரியர் கலாசாலை எனக்குத் தந்த சான்றிதழும் என் முன்னால் இருக்கும் பிள்ளைகளுக்கானதே. அப்படியானால் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் யாருக்கானது? அதை ஏந்துபவனுக்கல்ல. அவன் அருகில் ஒன்றும் அறியாமல் நிற்பவனுக்கு அரசு கொடுக்கும் வாக்குறுதி அது. அந்த வாக்குறுதியை அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கிக்கொண்டிருக்கின்றன. நண்பர் அதைத்தான் நம்பிக்கை என்கிறார்.

மருமகன் சொன்ன பரீட்சையையே எடுத்துக்கொள்வோம். மறைத்து ஏந்த அனுமதிக்கும் சட்டத்தை டெக்ஸாஸ் 1995இல் நிறைவேற்றியது. ஆரம்பத்தில் குறைந்தது 10 மணித்தியாலப் பயிற்சி. 2013இல் அது 4 முதல் 6 மணித்தியாலமாகச் சுருங்கியது. அதோடு ஓர் எழுத்துப் பரீட்சை, 50 தோட்டாக்கள் சுட்டுக் காட்டும் செய்முறை. கரும்பலகைக்கு முன்னால் நிற்பதற்கு நான் கலாசாலையில் இரண்டு வருடங்கள் இருந்தேன். உயிரெடுக்கும் கருவியோடு சந்தைக்குள் நடக்க ஒரு முற்பகல் போதுமாம்! போகட்டும், அதாவது இருந்ததே என்று ஆறுதல்படவும் வழியில்லை. 2021 செப்டெம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத எவரும் அந்த அட்டையே இல்லாமல் மறைத்து ஏந்தலாம். மருமகன் பெருமையோடு காட்டிய அட்டை அவனுடைய ஊரில் இன்று விரும்பினால் எடுக்கும் ஒன்று மட்டுமே. 2024 முடிவில் இந்நிலை 29 மாநிலங்களில். பரீட்சையை நீக்கிவிட்டு "மாணவரை நம்புகிறோம்" என்று ஒரு பாடசாலை சொன்னால், அதை நம் நண்பர் பாராட்டுவாரா?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையென்று சொல்ல மாட்டேன். அனுமதி பெற்றவர்கள் குற்றவாளிகளாவது குறைவு என்பதை டெக்ஸாஸ் அரசின் கணக்குகளே காட்டுகின்றன. அனுமதி அதிகாரியின் தயவில் தங்கியிருந்தபோது நடந்த அநீதியும் சரித்திரத்தில் உண்டு. 1956இல் அலபாமா மாநிலத்தின் மொண்ட்கொமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்குக் குண்டு வீசப்பட்டது. அதன் பின்னர் அவர் துப்பாக்கி ஏந்த அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. அவரைவிடத் தகுந்த காரணம் யாருக்கு இருந்திருக்கும்? நியூயோர்க்கிலும் தனக்கு விசேட தேவை உண்டென்று விண்ணப்பதாரி நிரூபிக்க வேண்டியிருந்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைச் செல்லாதென்றது. பாரபட்சமான பரீட்சகரை அகற்றத்தான் வேண்டும். அதற்காகப் பரீட்சையையே அகற்றுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது, "எனக்குச் சட்டம் தெரியும்" என்ற மருமகனின் உறுதி. எந்த மாநிலத்துச் சட்டம்? அவனுடைய அட்டை கலிபோர்னியாவில் செல்லாது, நியூயோர்க்கில் செல்லாது, நியூ ஜேர்சியில் செல்லாது. 2013இல் பென்சில்வேனியாவில் அனுமதி பெற்ற ஒரு கறுப்பினத் தாய், பக்கத்து மாநிலமான நியூ ஜேர்சிக்குள் காரோட்டிச் சென்றார். பொலிசார் நிறுத்தியபோது துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். கைதானார். குறைந்தது மூன்றரை வருடச் சிறையை எதிர்நோக்கி நின்றவருக்கு, 2015இல் ஆளுநரின் மன்னிப்புக் கிடைத்தது. ஒரு பாலத்தின் இக்கரையில் உரிமை, அக்கரையில் குற்றம்.

அட்டை செல்லுபடியாகும் இடத்தில்தான் என்ன நடந்தது? 2016 ஜூலையில் மினசோட்டாவில், பாடசாலை உணவுக்கூடத்தில் வேலை செய்த 32 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவரின் காரைப் பொலிஸ் மறித்தது. அனுமதி பெற்றவர். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்னார். சில கணங்களில் சுடப்பட்டு இறந்தார். பின்னாசனத்தில் நான்கு வயதுக் குழந்தை. சுட்ட அதிகாரியை 2017இல் ஜூரிகள் குற்றவாளி அல்லவென விடுவித்தனர். பயந்துபோன ஒருவனின் கண்ணுக்கு அட்டை தெரிவதில்லை, நிறம்தான் தெரிகிறது. இதைக் கேட்டபோது மருமகன் பேசாமலிருந்தான். அவனும் நம் நிறத்தவன்தானே.

வாத்தியாராக என்னை உறுத்துவது இன்னொன்று. டெனசி மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. 40 மணித்தியாலப் பயிற்சி பெற்று, பாடசாலை நிருவாகமும் பொலிசும் உடன்பட்டால், ஆசிரியர் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு வகுப்புக்குள் போகலாம். எந்த ஆசிரியரிடம் இருக்கிறது என்பது பெற்றோருக்குச் சொல்லப்படாது. பிள்ளைகளை மிருகத்தனமாகக் கொன்றவர்களைக் கண்ட சமூகத்தின் பீதி எனக்கு விளங்குகிறது. ஆனால் கணக்குப் பிழைத்த பிள்ளை என் மேசைக்குக் கிட்ட வரும்போது, என் இடுப்பில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இடாப்பில் பெயர் கூப்பிடுகிற நான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்குறுதி அப்போது என்னவாகிறது?

"அப்போ கடைக்குக் கள்ளன் வந்தா நான் என்ன செய்யிற மாமா?" என்று கடைசியாகக் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் அவனுடைய சொந்தக் கடைக்குள் துப்பாக்கி வைத்திருக்க டெக்ஸாஸில் ஒருகாலமும் இந்த அட்டை தேவைப்பட்டதில்லை. அட்டை கடைக்கல்ல, தெருவுக்கு. தெருவோ அவனுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

அவனுக்கு நான் சொன்னதையே நண்பருக்கும் சொல்கிறேன். அந்த அட்டையைக் கடினமாக்கு என்று கேட்பவனே பிரஜை. அது இனித் தேவையில்லை என்று சந்தோஷப்படுபவன், பக்கத்தில் நிற்பவனை மனிதனாக எண்ணாதவன்.