லேப்டாப்புக்கு மரண தண்டனை விதித்தது யார்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதி உலகெங்கும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நாளில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்புச் சொன்ன நீதிபதி யார்? மைக்ரோசாப்ட் என்ற அமெரிக்க ஏகபோகக் கம்பெனி. "விண்டோஸ் 10-க்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது" என்று அன்றோடு அது கையை உதறிவிட்டது. இதனால் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக் கூடும் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தது.

"சரி, விண்டோஸ் 11 இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையாகவாவது இருக்க வேண்டும். அந்த எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். அதற்கு முந்திய யந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் கம்பெனிக்கு அது செத்த யந்திரம்!

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற விவகாரம் என்று நினைக்க வேண்டாம். பொத்தேரிக்கு வந்து பாருங்கள்.

ஒரே ஊர், இரண்டு உலகம்

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது பொத்தேரி. இங்கே பெரிய தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். புத்தம் புது லேப்டாப்போடு வருகிறார்கள். அவர்கள்மேல் நமக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த மாணவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள், விடுதி கூட்டுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மறைமலை நகர்த் தொழிற்சாலைகளில் காண்டிராக்ட் கூலியாக ஷிப்டுக்குப் போகிறவர்கள் இந்த ஜி.எஸ்.டி. சாலையோரத்து ஊர்களில்தான் வாழ்கிறார்கள். இவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் மூத்த பிள்ளைக்குச் சர்க்கார் கொடுத்த லேப்டாப்தான். அக்காள் படித்தாள், தம்பி படித்தான், இப்போது கடைக்குட்டி படிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க் கடைக்குப் போனால் கிடைக்கும் பதில் என்ன? "தம்பி, இது பழைய மாடல். இனி தேறாது. புதுசு வாங்கு." எந்தக் கடை என்பது முக்கியமில்லை; பல கடைகளில் இதே பல்லவி. புதுசு வாங்க முப்பதாயிரம், நாற்பதாயிரம் வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளி எத்தனை மாதம் பட்டினி கிடந்தால் அந்தத் தொகை சேரும்? மாதத் தவணைக் கடன்காரன் வாசலில் காத்திருக்கிறான். கம்பெனியின் தீர்ப்பு இப்படித்தான் ஏழை வீட்டுக் கடனாக மாறுகிறது.

ஐம்பது லட்சம் யந்திரங்கள்

தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் ஏறத்தாழப் பத்தாண்டுக்குள் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்புகள் கொடுக்கப்பட்டன. எழுத்தறிவே இல்லாத தாயின் வீட்டில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. "ஓட்டுக்கு லஞ்சம்" என்று அன்றைக்கு எள்ளி நகையாடிய மேதாவிகளை நாம் மறக்கவில்லை. அது மக்கள் வரிப்பணம். மக்களுக்குத் திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் கொடுத்ததோடு சர்க்காரின் கடமை முடிந்துவிட்டதா? முதலில் வந்தவற்றில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கு 2020 ஜனவரி 14-லேயே மைக்ரோசாப்ட் கருமாதி செய்துவிட்டது. பின்னால் வந்தவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கு ஏற்றவை அல்ல என்று இப்போது ஒதுக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் பொதுச் சொத்து வீட்டுப் பரணில் தூங்குகிறது.

இதில் பெரிய வெட்கக்கேடு ஒன்று உண்டு. நோய்க்கு மருந்து அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது! அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்த்தே போடப்பட்டிருந்தது. நம் அரசு நிறுவனமான சி-டாக், தன் சென்னை மையத்தில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இயங்குதளம் அது. லைசென்சுக்குக் காசு கிடையாது. அதை எத்தனை பிள்ளைகள் திறந்து பார்த்தார்கள்? திறந்து காட்ட யார் இருந்தார்கள்? பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒருகாலத்தில் ஸ்டார் ஆபீஸ் சொல்லிக் கொடுத்த மாநிலம் இது. 2006, 2007 ஆண்டுகளில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. நமக்குத் தெரியாத வித்தை அல்ல இது. நம்மிடம் இருந்த வித்தையை நாமே பரணில் ஏற்றினோம்.

அவர்கள் சொல்லும் சமாதானம்

"பாதுகாப்புக்காகத்தான் செய்கிறோம்" என்கிறது கம்பெனி. இதில் ஓரளவு உண்மை உண்டு. அதை மறைக்க மாட்டோம். திருத்தம் வராத விண்டோஸை இன்டர்நெட்டோடு இணைத்து வைத்துக்கொண்டு அதில் பாங்குக் கணக்கு பார்ப்பது, பூட்டில்லாத வீட்டில் பணத்தை வைப்பதற்குச் சமம். ஆனால் பூட்டுச் செய்யத் தெரிந்தவன் அவன்தானே? கொடுக்க முடியாததாலா மறுக்கிறான்?

நடந்ததைப் பாருங்கள். இன்னும் ஓராண்டுக்கு, 2026 அக்டோபர் 13 வரை, திருத்தம் தருகிறோம் என்று அறிவித்தார்கள். ஆனால் 30 டாலர் கட்ட வேண்டும். நம் காசில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். காசு இல்லையென்றால் அவர்களிடம் கணக்குத் திறந்து, உன் கம்ப்யூட்டர் அமைப்புகளை அவர்கள் கிடங்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் எழுப்பின. உடனே ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு மட்டும் கட்டணமும் இல்லை, கிடங்கு நிபந்தனையும் இல்லை என்று இறங்கி வந்தார்கள்! அங்கே முடிந்தது பொத்தேரியில் ஏன் முடியவில்லை? அங்கே மக்கள் கேட்டார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை.

இந்தக் கம்பெனி நஷ்டத்தில் தவிக்கிறதா? 2025 ஜூனோடு முடிந்த ஆண்டில் அதன் நிகர லாபம் 10,180 கோடி டாலர்!

பணம் மட்டுமா பிரச்னை? பிடியும் பிரச்னைதான். குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு 2025 ஜூலையில் என்ன நேர்ந்தது? ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையைக் காரணம் காட்டி, இந்திய மண்ணில் இருக்கும் அந்தக் கம்பெனியின் மின்னஞ்சலையும் தகவல்களையும் மைக்ரோசாப்ட் பூட்டிவிட்டது. அவர்கள் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போன பிறகுதான் பூட்டு திறந்தது. எண்ணெய்க் கம்பெனிக்கே இந்த கதி என்றால், கடைக்குட்டிப் பிள்ளையின் லேப்டாப் எந்த மூலைக்கு?

யந்திரத்தைப் பிழைக்க வைக்கும் வழி

ஆகவே கோபப்படுவதோடு நிற்கக் கூடாது. செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

முதலில் பிள்ளைகளின் பாடங்களையும் படங்களையும் பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள். பிறகு பெட்டியைத் திறந்து விசிறியில் அடைந்த தூசியைத் துடைக்கச் சொல்லுங்கள். சூடேறினால் யந்திரம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; பாதி மந்தம் அதனால்தான். மீதி மந்தத்துக்குப் பெரும் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பத்து வயது யந்திரமும் ஓடும். நினைவகம் 2 ஜிபி இருந்தால், இடம் இருக்கும் மாடலில் 4 ஆக்குங்கள்.

விண்டோஸிலேயே இருக்க வேண்டியவர்கள், யந்திரம் துவங்கும்போது தானாக எழுந்து உட்காரும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்துங்கள். கனமான மென்பொருளுக்குப் பதில் லேசானதைப் போடுங்கள்: எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ், பி.டி.எஃப். படிக்க சுமத்ரா, வீடியோவுக்கு வி.எல்.சி., கோப்புச் சுருக்க 7-ஜிப். எல்லாம் இலவசம். தமிழ் அடிக்க அழகி, என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை என்று நம்மவர்கள் செய்து கொடுத்தவை பழைய யந்திரத்திலும் ஓடும்.

இன்டர்நெட்டில் இருந்தே ஆக வேண்டிய யந்திரத்துக்கு நிரந்தர வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்புக்கு 2 ஜிபி இருந்தால் ஆரம்பிக்கலாம். 4 இருந்தால் வசதி. அதைவிட இளைத்த யந்திரத்துக்கு ஆன்ட்டிஎக்ஸ் இருக்கிறது. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் போட்டுக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிவிடலாம், ஒன்றும் அழியாது. கற்றுத்தர ஆள் இல்லை என்ற கவலையும் வேண்டாம். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் காசு வாங்காமல் இந்தத் தொண்டைச் செய்து வருகின்றன.

"என் தொழிலுக்கு லினக்ஸ் சரிப்படாதே" என்று சிலர் சொல்வது நியாயம்தான். டாலியில் கணக்கு எழுதுகிறவர், பழைய பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கர் வேலை செய்யும் டி.டி.பி. கடைக்காரர் எல்லோரும் உடனே மாற முடியாது. அவர்கள் அந்தப் பழைய யந்திரத்தை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்து, அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பென் டிரைவை மட்டும் சோதித்துச் செருகட்டும்.

இது நம் பிரச்னையா?

"கூலி, பட்டா, ரேஷன் என்று ஆயிரம் பிரச்னை இருக்கும்போது கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவது மத்தியதர வர்க்க விளையாட்டு" என்று நம்மில் சில தோழர்கள் சொல்கிறார்கள். அவர்களிடம் கேட்கிறோம்: கல்லூரி விண்ணப்பம் எதில் போடுகிறார்கள்? உதவித்தொகை எதில்? தேர்வாணைய மனு எதில்? எல்லாம் கம்ப்யூட்டரில். வீட்டில் யந்திரம் இல்லாதவன் ஒவ்வொரு மனுவுக்கும் சென்டரில் காசு கொடுக்கிறான். கருவி யார் கையில் என்பதுதான் பாட்டாளிக்கு என்றைக்கும் முதல் கேள்வி.

குப்பையையும் யோசியுங்கள். 2022-இல் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது அதில் 22.3 சதவீதம்தான். மற்றதில் ஒரு பகுதியை உடைத்து, எரித்து, அமிலத்தில் முக்கிச் செம்பும் தங்கமும் பிரிக்கிறவன் யார்? டில்லி சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் வெறுங்கையோடு வேலை செய்யும் ஏழைத் தொழிலாளிதான். கம்பெனி விதித்த தண்டனையை நிறைவேற்றி, அந்த விஷத்தைச் சுவாசிப்பவனும் அவனே.

புது யந்திரமோ மலிவாகப் போவதில்லை. 2025 கடைசியில் நினைவகச் சில்லுகளின் விலை மளமளவென்று ஏறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு விற்றால் கொள்ளை லாபம் என்று சில்லுக் கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. சாதாரண மக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. இருக்கிற யந்திரத்தைக் காப்பாற்றுவது இன்னும் அவசியமாகிறது.

முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாநிலமே பதில். கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் கல்வி முழுவதும் கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் தன் 30,000 அரசுக் கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக 2024-இல் அறிவித்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

சர்க்காரை நாம் கேட்பது இவை:

1. செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, ஒன்றியந்தோறும் பழைய சர்க்கார் லேப்டாப்புகளைப் புதுப்பிக்கும் முகாம் நடத்து. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்து அந்த வேலையைச் செய்யச் சொல்.

2. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் கருவிகள் என்று அறிவித்தது நல்லது. ஆனால் எத்தனை ஆண்டு திருத்தம் வரும், எத்தனை ஆண்டு உதிரிபாகம் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு டெண்டரிலும் எழுதி வாங்கு.

3. பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் கட்டற்ற மென்பொருளுக்கு முதலிடம் கொடு.

4. பாடத்துக்குத் தேவையில்லாமல் "புது மாடல்தான் வேண்டும்" என்று எந்தக் கல்லூரியும் மாணவரை நிர்ப்பந்திக்கக் கூடாது என்று உத்தரவிடு.

5. மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் திறந்தது. இணையதளம் போதாது, கம்பெனியைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டு வா.

இந்தக் கோரிக்கைகள் நிறைவேறும்வரை நம் கை சும்மா இருக்க வேண்டியதில்லை. வாலிபர் சங்கத் தோழர்களே! மாணவர்களே! ஒவ்வொரு தெருவிலும் பரணில் கிடக்கும் லேப்டாப்புகளைக் கணக்கெடுங்கள். தூசி தட்டுங்கள், திறந்து பாருங்கள், ஓட வையுங்கள். அமெரிக்கக் கம்பெனி எழுதிய தீர்ப்பை நம் ஊர்ப் பிள்ளைகளின் கைகளே திருத்தி எழுதட்டும்!