'ஆடிடுவேன் சார்' என்பவனை நம்பாதீர்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளியில் 28 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குறுவட்டப் போட்டிகள் நெருங்கும் நேரத்தில், என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கபடி அணியில் நல்ல ரெய்டர் ஒருவன். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு எச்சில்கூட விழுங்க முடியாமல் காய்ச்சலோடு படுத்துவிட்டான். மூன்றாவது மாத்திரையில் காய்ச்சல் விட்டது. "ஆடிடுவேன் சார்" என்றான். எனக்கும் கோப்பை ஆசை, இறக்கிவிட்டேன். முகத்துக்கு முகம் நின்று அவன் 'கபடி, கபடி' பாடப் பாட எச்சில் தெறித்தது. இடைவேளையில் ஒரே பாட்டில் ஏழு பேர் வாய்க்கும் போனது. இரண்டாம் பாதியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். அடுத்த வாரம் அணியில் மூன்று பேருக்குத் தொண்டை வலி.

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வந்து தானே போய்விடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்தால் அப்படி விட்டுவிட முடியாது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளைத்தான் அது அதிகம் பிடிக்கும். மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக் தொடங்கி 24 மணி நேரமாவது ஆக வேண்டும், மற்றவர்களுக்குத் தொற்றுவது அடங்க. பென்சிலின் என்றால் வழக்கமாக 10 நாள். வலி போயிற்று என்று நடுவில் நிறுத்தினால், சில வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். வீக்கம் மூட்டுக்கு மூட்டு தாவும். இதய வால்வும் கெடலாம். அப்போது "முட்டி வலிக்குது சார்" என்று வருபவனுக்கு, சுளுக்கு என்று நினைத்து நாம் தைலம் தடவி அனுப்புவோம்.

காய்ச்சல் உடம்பில் இதயம் சும்மாவே வேகமாக அடிக்கும். விழுங்க வலிப்பதால் பையன் தண்ணீரும் சரியாகக் குடித்திருக்க மாட்டான். அவனை வெயிலில் ஓடவிடலாமா?

ஆடாமல் உட்கார்ந்தால் அணியில் இடமும் சான்றிதழும் போய்விடும் என்று பயந்துதான் பிள்ளைகள் நோயை மறைக்கிறார்கள். ஆகவே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். காய்ச்சலும் தொண்டை வலியும் உள்ளவர் மருத்துவர் சொல்லும்வரை ஆடக் கூடாது. திரும்பி வந்ததும் முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், அப்புறம்தான் ஆட்டம். ஆளுக்கொரு பாட்டில். முக்கியமாக, நோயால் ஒதுங்கியவனுக்கும் பங்கேற்புச் சான்றிதழ் உண்டு என்று எழுதுங்கள்.

அந்த ஒரு வரி இருந்திருந்தால், என் ரெய்டர் அன்று உண்மையைச் சொல்லியிருப்பான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்